பசையா, தையலா?

"பசை கிசையெல்லாம் வேண்டாம் டாக்டரம்மா. ஊசி நூலை எடுங்க" என்றான் சோலையப்பன்.

டாக்டர் வைஷ்ணவிக்கு எரிச்சல். அரிமளத்துப் புளி வியாபாரி. உள்ளே வந்ததிலிருந்து மாத்திரைக்குப் பேரம், ஸ்கேனுக்குப் பேரம். இப்போது இது.

பக்கத்தில் அவன் தங்கை ராஜலட்சுமி தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். முன்னங்கையில் கோலிக்குண்டு அளவுக்கு ஒரு கொழுப்புக்கட்டி. கீறி எடுத்தால் பத்து நிமிட வேலை. வெட்டுவாயை எதை வைத்து மூடுவது என்பதில்தான் மல்லுக்கட்டு.

டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார். இந்த அளவுக் காயத்துக்குத் தோலை ஒட்டும் பசையே போதும். தழும்பு இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். பசை தானாக உதிர்ந்துவிடும். தையல் என்றால் பிரிக்க இன்னொரு தடவை பஸ் ஏறி வர வேண்டும்.

"வர்றோம்."

"காசுதான் யோசனைன்னா, பசைக்கு நான் வாங்கலைங்க."

"சும்மா குடுத்தாலும் வேண்டாம்."

கூடப்பிறந்தவளின் கையில் ஊசி குத்திப் பார்க்க அப்படி என்ன ஆசை என்று டாக்டர் கேட்டேவிட்டார். நர்ஸ் மீனம்மாள், இவனெல்லாம் ஒரு அண்ணனா என்று காதில் விழும்படியே முணுமுணுத்தாள்.

சோலையப்பனுக்குச் சுர்ரென்று ஏறியது. மேஜையில் கையை ஊன்றினான். ஆனால், குரல் இறங்கித்தான் வந்தது.

"பசை போட்டா, எத்தனை தையல்னு கேக்குறவங்களுக்கு என்ன சொல்றது?"

"தையலே இல்லைன்னு சொல்லுங்க."

"அதுக்குத்தான் வேண்டாங்குறேன். இவ மாமியா வீட்டுல தையல எண்ணித்தான் ஓய்வு. ஒரு தையலுக்கு ஒரு நாள். பிரசவத்துல அஞ்சு தையல். ஆறாம் நாள் கருக்கல்ல கொட்டகைல சாணி அள்ளிக்கிட்டு நின்னா. நீங்க பசைய ஒட்டி அனுப்புனா, இன்னைக்குச் சாயங்காலமே அள்ளணும்."

மீனம்மாள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

டாக்டர் பசைக் குழாயை எடுத்து டிராயருக்குள் போட்டார். "இதுக்கு நாலு தையல் வரும்" என்றார்.

அதுவரை வாயே திறக்காத ராஜலட்சுமி மெல்லத் தலையைத் தூக்கினாள்.

"ஆறாப் போட்டுவிட முடியுமாங்க?"