சுவரோரக் கற்கள்

மழை விட்ட மார்ச் வெளிச்சம் தேவாலயத்துப் புல்வெளியில் ஈரமாகக் கிடக்கிறது. எல்ம் மரத்துக் காகங்கள் ஓயாமல் கத்துகின்றன. சுவரோரம் தோளோடு தோளாக நிற்கும் கல்லறைக் கற்களில் ஒன்றை தெல்மா உள்ளங்கையால் தேய்க்கிறாள். பாசிக்கு அடியிலிருந்து 'சூசன் பக்கில்' என்ற பெயர் எழுத்தெழுத்தாக வெளிவருகிறது. தெல்மாவின் அப்பாவைப் பெற்ற கையோடு இறந்துபோனவள். தாய் முகம் பார்க்காத அந்த மகன், கடைசியிலாவது அவள் பக்கத்தில் கிடக்க வேண்டும் என்று கேட்டுவிட்டுப் போனார். அவருடைய சாம்பல் தெல்மாவின் துணிப்பையில் இருக்கிறது. ஊர் ஊராகத் தேடி இந்தக் கல்லுக்கு வந்து சேர்ந்திருக்கிறாள்.

"இங்கயே தோண்டிடலாமா, ரெஜ்?"

கோயில் காரியம் பார்க்கும் ரெஜ் மண்வெட்டியை ஊன்றியபடி சங்கடமாகச் சிரிக்கிறார். "இங்க யாருமில்லம்மா. புல்லு வெட்டுற மெஷினுக்கு இடைஞ்சல்னு எங்கப்பா காலத்துல கல்லையெல்லாம் பிடுங்கிச் சுவரோரம் சாத்திட்டாங்க."

"அப்ப அவங்க எங்க?"

ரெஜ் மண்வெட்டிப் பிடியால் புல்வெளி முழுவதையும் வளைத்துக் காட்டுகிறார். "இதுக்குள்ளதான். எங்கயும் போயிருக்க மாட்டாங்க."

தெல்மா புல்லில் இறங்குகிறாள். சற்று நடந்து நிற்கிறாள், திரும்புகிறாள், காலடியைப் பார்த்துச் சட்டென்று விலகுகிறாள். பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டே இருக்கிறாள்.

"கொஞ்சம் ஒரு எடத்துல நில்லும்மா," என்கிறார் ரெஜ்.

"எந்த எடத்துல?" என்று கேட்கிறாள் அவள்.