நார்மனுக்கு ஓர் எஞ்சின்

"உன் கடையில ஓட்டிக் காட்டற தண்டவாளத்தோட வளைவுல பஸ்ஸைக்கூடத் திருப்பலாம். நான் என் தண்டவாளத்தைக் கொண்டாந்திருக்கேன்."

வில்ஃப் சாக்குப்பையைக் கவிழ்த்தார். எட்டு வளைந்த தண்டவாளத் துண்டுகள் கடை மேஜைமேல் கலகலவென்று விழுந்தன. கோத்தால் சைக்கிள் சக்கர அகலத்துக்கு ஒரு வட்டம்.

டோரீன் கண்ணாடியை மூக்குக்கு இறக்கிப் பார்த்தாள். அந்த யார்க்‌ஷயர் ஊரில் மாதிரி ரயில் விற்கிறவள் அவள் ஒருத்திதான். பொம்மை ரயில் என்று சொன்னால் வாங்க வருகிறவர்களுக்குக் கோபம் வரும்.

"இவ்வளவு இறுக்கமாவா? யார் வீட்டு ரயில்?"

"நார்மனோடது. கூரைக்கு அடியில பரண் ரூம்ல, இதே அளவு வளைவோட இருக்கு. நானும் அவனும் சேர்ந்து போட்டோம். ஞாயித்துக்கிழமை அவனுக்குப் பிறந்தநாள். ஒரு நீராவி எஞ்சின் குடுக்கணும்."

"அட! நீங்க ரெண்டு பேரும்தான் வாராவாரம் அங்கேயே கிடப்பீங்களே."

"கிடந்தோம். கிறிஸ்துமஸுக்கு அவன் பையன் லீட்ஸ்லேருந்து ஒரு குட்டி எஞ்சினைக் கொண்டாந்து குடுத்தான். அதோட சரி. நார்மன் என்னைக் கூப்பிடறதே இல்ல."

நாற்பது வருடப் பழக்கமானாலும் ஒரு காரணம் இல்லாமல் போய்க் கதவைத் தட்டுகிற வழக்கம் அந்தப் பக்கத்து ஆண்களுக்குக் கிடையாது. காரணம் இல்லாமல் யாரும் யாரையும் கூப்பிடவும் மாட்டார்கள்.

"ஓ, பையனை ஜெயிக்கணுமா!" டோரீன் சிரித்தாள்.

"இந்த எஞ்சின் சரியா அமையலன்னா அந்தப் பரண் ஏணியில நான் இனி ஏறப்போறதில்ல. சும்மா பேசாம எடுத்து வை."

முதலில் நாலு சக்கரக் குட்டி ஒன்றை வைத்தாள். வில்ஃப் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்தார். சுற்றுக்கு ஒரு குச்சி எடுத்து வைத்தார். முப்பது குச்சிகள் வரிசையாகக் கிடந்தன. குட்டி வெண்ணெயில் கத்தி போலப் போய்க்கொண்டே இருந்தது.

"வேண்டாம்."

"ஏன்? பையன் குடுத்ததும் இந்த ஜாதிதானா?"

"இதே ஜாதிதான்."

"அப்ப அதையே குடுத்தா மானம் போயிடும்."

வில்ஃப் குட்டியை எடுத்து ஓரமாக வைத்தார்.

அடுத்தது ஆறு சக்கரம், கறுப்பு நிறம். யார்டில் சரக்குப் பெட்டிகளை இழுத்து மாற்றுகிற வகை என்றாள் டோரீன். இருபத்தைந்து சுற்று ஓடியும் ஒரு தள்ளாட்டம் இல்லை.

"இதுவும் வேண்டாம்."

"இதுல என்னய்யா குறை?"

"குறையே இல்ல. அதான் பிடிக்கல."

"உங்க பொண்டாட்டி எப்படித்தான் உங்ககூடக் காலம் தள்ளினாளோ!"

"அவளும் இதையேதான் கேட்டா."

டோரீன் மூன்றாவதாகப் பச்சை நிற எக்ஸ்பிரஸ் எஞ்சினைத் தூக்கி வைத்தாள். நீளம் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவு. கடை ஜன்னலில் நடுநாயகமாக நிற்பது. அரை வட்டம்கூடத் தாண்டவில்லை, முன் சக்கரம் தண்டவாளம் ஏறிப் பக்கவாட்டில் சாய்ந்தது.

"இவ்வளவு நீட்டு வண்டிக்கு இந்த வளைவு ஆகாது வில்ஃப். நான்தான் சொல்லியிருக்கணும்."

"முதல் சுத்துலயே விழுந்தா அன்னைக்கே பெட்டியில போட்டு மூடிடுவான். எடு, எடு."

டோரீன் பெருமூச்சு விட்டு உள்ளே போனாள். தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. வெளியே மழை. வில்ஃப் குச்சிகளை மறுபடி பெட்டிக்குள் அடுக்கினார், எண்ணிக்கொண்டே. கடைக்குள் குச்சியைக்கூடத் திருடுவார்கள் என்பது அவர் எண்ணம்.

அவள் தூசி துடைத்துக்கொண்டே ஒரு பெட்டியோடு வந்தாள். "பழைய சரக்கு. ஆறு பெரிய சக்கரம், முன்னால ரெண்டு சின்னது. இந்தப் பக்கத்து லைன்லதான் அந்தக் காலத்துல ஓடுச்சு."

வில்ஃப் எஞ்சினைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நார்மன் ரயில்வேயில பத்து வருஷம் கரி அள்ளிப் போட்டது இந்த மாதிரி நிஜ எஞ்சின்லதான். கையில கிடைச்சா கீழ வைக்க மாட்டான்."

ஓட விட்டார்கள். ஐந்து, ஆறு, ஏழு. கம்பீரமாகத்தான் போனது. பதினோராவது குச்சி வைக்கும்போது முன் சக்கரம் 'டிக்' என்று ஏறியது. எஞ்சின் கவிழ்ந்தது.

"போச்சு!" என்றாள் டோரீன்.

"மறுபடி வை."

இந்தத் தடவை பதினாலாவது சுற்றில் விழுந்தது.

"இன்னொரு தடவை."

ஒன்பதில் விழுந்தது. வில்ஃப் குச்சிகளை அள்ளிப் பெட்டிக்குள் போட்டார். அன்று முதல் தடவையாக அவர் முகத்தில் பல் தெரிந்தது.

"இதைக் கட்டு."

"யோவ் வில்ஃப், கண்ணு தெரியலயா? விழுதுய்யா! அந்தக் கறுப்பு இருக்கு, கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம். பிறந்தநாளும் அதுவுமா நார்மன் உங்களைத் திட்டப்போறாரு."

"திட்டட்டும். கட்டு."

"என் கடைப் பேரு கெட்டுப்போகும். காரணத்தைச் சொன்னாத்தான் கட்டுவேன்."

வில்ஃப் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"ஏணி ஏறிடுவான், ஆனா நார்மனால முட்டி போட முடியாது. அந்த வளைவு சுவரோரம் இருக்கு, ரயில் மேஜைக்கு அடியில தவழ்ந்து போனாத்தான் கை எட்டும். விழுந்தா, எடுத்து வைக்க எனக்குத்தான் போன் பண்ணியாகணும். பையன் குடுத்த சனியன் இருக்கே, மூணு மாசமா ஒரு தடவைகூட விழல."