சின்னது மட்டும்

"சின்னது மட்டும்னா எங்க வூட்டுக்கு அனுப்புங்க சார். நாங்க வெச்சிக்கிறோம்."

மூன்றாவது வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து சொன்னதும் சர்ச்சே கை தட்டியது.

தெய்வசிகாமணிக்கு நெஞ்சு நிறைந்தது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். மூன்று மாதமாகக் கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவிலூர் என்று சபை சபையாக ஏறி இறங்கியிருந்தார். "ஆதரவில்லாத பிள்ளைங்க எத்தனை நாளைக்கு ஹோம்லயே கிடக்கும்? நம்ம குடும்பங்கள்ல வெச்சி வளர்ப்போம். கவர்மெண்டே அதுக்கு வழி வெச்சிருக்கு" என்று பேசிப் பேசியே பதினோரு சபைகளை இந்த ஒரு கூட்டத்துக்குச் சேர்த்திருந்தார்.

வெறும் பேச்சுக்கு ஜனங்கள் மனசு இளகாது. அது அவருக்குத் தெரியும். அதனால்தான் ஹோம் வார்டனிடம் கேட்டு, வெள்ளிமலைப் பக்கத்து அக்கா தங்கை இருவரை அழைத்துவந்து மேடையில் நிறுத்தியிருந்தார். பெரியவளுக்குப் பதினொரு வயசு, சின்னவளுக்கு நாலு. அம்மா செத்து ஆறு மாதம். அப்பா எங்கே போனான் என்று யாருக்கும் தெரியாது.

"எங்களுக்கும் சின்னது போதும் சார்," என்றது இன்னொரு குரல். "பெரியது வயசுக்கு வரப்போற பொண்ணு. யாரு காவல் காக்கறது?"

"ஆளும் கறுப்பா, முரட்டுத்தனமா இருக்குது," என்று யாரோ முணுமுணுத்தது மேடை வரைக்கும் கேட்டது.

பெரியவள் தங்கையின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"சின்னதுக்கு அஞ்சு குடும்பம் போட்டி போடுது! சீட்டு குலுக்கிடலாமா?" தெய்வசிகாமணி சிரித்தார். "பெரியதுக்கும் கர்த்தர் ஒரு வூடு வெச்சிருப்பார்."

கடைசி வரிசையிலிருந்து ஒருத்தி விறுவிறுவென்று வந்தாள். ராஜாம்பாள். ஜவ்வரிசி செய்யும் சேகோ மில்லில் வேலை. நாற்பது வயது, கல்யாணம் ஆகவில்லை. நேரே மேடையேறி, ஆளுக்கொரு கையாய்ப் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

"இன்னாம்மா பண்ற நீ? பிள்ளைங்கள விடு!" என்று தெய்வசிகாமணி கத்தினார்.

ராஜாம்பாள் நடு வழியில் நின்று திரும்பினாள்.

"சின்னது பெரியதுன்னு சொல்லாதீங்க சார். அதுங்களுக்குப் பேரு இருக்குது. இவ சந்தியா. அவ ராசாத்தி. காது கேக்குற புள்ளைங்க. சந்தையில ஆட்டுக்குட்டி பொறுக்கற மாதிரி பொறுக்கிக்கினு இருக்கீங்களே, வெக்கமா இல்ல?"

அவள் வெளியே போய்விட்டாள்.

தெய்வசிகாமணிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. செருப்புகூடப் போடாமல் பின்னாலேயே ஓடினார்.

வெளியே சந்தியா ராஜாம்பாளின் முகத்தையே பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். "எங்க பாப்பாவ மட்டும் இட்டுக்கினு பூடுவாங்களாக்கா?"

"மாட்டாங்க கண்ணு. நீ போயி வார்டன் அம்மாகூட வேன்ல உக்காரு."

பிள்ளைகள் நகர்ந்ததும் தெய்வசிகாமணி வெடித்தார்.

"மூணு மாச உழைப்பும்மா! பதினோரு சபை! ஒரு நிமிஷத்துல நாசம் பண்ணிட்டியே!"

"ரெண்டு பேரையும் சேத்து யாராச்சும் கேட்டாங்களா சார்?"

"ஒண்ணாவது நல்லா இருக்கட்டுமேன்னுதான்..."

"அப்ப இன்னொண்ணு?"

அவருக்குக் கோபம் தலைக்கேறியது.

"வாய் கிழியப் பேசறியே, நீ எடுத்துக்கிறியா ரெண்டையும்?"

"போன மாசமே ஹோம்ல இவங்களப் பாத்துட்டு வந்து, மனு எழுதி உங்க கையில குடுத்தேன். தனியா இருக்கிற பொம்பள, சரிப்படாதுன்னு மடிச்சிப் பையில வெச்சிக்கினீங்க. நானே நேரா கள்ளக்குறிச்சிக்குப் போயி, குழந்தைகள் நலக் குழுவுல குடுத்தேன். ஆபீசருங்க வந்து வூட்டைப் பாத்தாங்க. தனி ஆளுன்னாலும் சட்டத்துல எடம் இருக்குதுன்னாங்க. ரெண்டு பேரையும் ஒண்ணா குடுத்தா மட்டும் குடுங்கன்னு எழுதியிருக்கேன். திங்கக்கெழம வரச் சொல்லியிருக்காங்க."

"அதை ஒழுங்கா எங்கிட்ட வந்து சொல்றதுதானே? ஊரு முன்னாடி இப்படியா மானத்தை வாங்கறது? முப்பது வருஷமா பிள்ளைங்களுக்கு வூடு தேடிக் குடுக்கிறவன் நான். இதுவரைக்கும் ஒருத்தர் என்னைக் குத்தம் சொன்னதுண்டா?"

ராஜாம்பாள் வேன் பக்கம் திரும்பினாள். பேசியபோது குரல் இறங்கியிருந்தது.

"திருக்கோவிலூர்ல ஒரு கிறிஸ்மஸ் கூட்டம் சார். அங்கயும் இதே மாதிரி ரெண்டு புள்ளைங்க. சின்னவளை ஒரு குடும்பம் கார்ல ஏத்திக்கினு போச்சு. பெரியவளை யாருமே கேக்கல. கார் பின்னாடியே ரோடு வரைக்கும் ஓடினேன்."

"நீயா?"

"நான்தான். எனக்குப் பத்து வயசு. என் தங்கச்சி எந்த ஊர்ல இருக்கிறா, உயிரோட இருக்கிறாளா, இன்னி வரைக்கும் தெரியாது."

தெய்வசிகாமணிக்கு ரத்தம் கொதித்தது. இந்த முறை அவள்மேல் இல்லை.

"கூடப் பொறந்ததுங்கள இப்படியா பிரிப்பான்? மனுஷனா அவன்? எவம்மா அந்தக் கூட்டத்தை நடத்தினவன்?"

"நீங்கதான் சார்."