பதினேழாம் கேள்வி

"இந்த விடையை எழுதின ஆள் எங்க தெருப் பக்கம் ஒரு நாள்கூட வந்ததில்லை சார். வந்திருந்தா இருட்டுல குழிக்குள்ள விழுந்து எழுந்து போயிருப்பான்."

சமூக அறிவியல் கேள்வித்தாளையும் விடைக்குறிப்பையும் தேர்வு அலுவலக மேசையில் அறைந்து வைத்தார் பழைய டயர் வியாபாரி.

அதிகாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பதினேழாம் கேள்வியைப் படித்தார். 'தெருவிளக்கு எரியவில்லை என்று புகார் கொடுத்தால் என்ன நடக்கும்?'

"இரண்டு நாளில் சரிசெய்யப்படும். இதுதானே விடை? உங்க பொண்ணு எதைக் குறிச்சா?"

"ஒன்றும் நடக்காது."

"தப்பாச்சே."

"எது தப்பு?" வியாபாரி சட்டைப் பையிலிருந்து ரசீதுகளை உருவினார். "எட்டு மாசம். ஆறு புகார். ஆறுக்கும் முத்திரை குத்தின ரசீது. எழுதிக் கொடுத்ததே என் பொண்ணுதான். என்ன நடக்கும்னு அவளுக்குத் தெரியாதா?"

"ஊருக்கெல்லாம் ஒரே விடைங்க. மெஷின் திருத்துது. ஒரு தெருவுக்காக மாத்த முடியுமா?"

"முப்பத்தி நாலு வாங்கியிருக்கா சார். ஒரு மார்க்குல ஒரு வருஷம் போகுது. சரி, உங்களுக்கும் வேண்டாம் எனக்கும் வேண்டாம். அரை மார்க் போடுங்க."

"அரை போட்டாலும் ஃபெயில்தானே?"

"முப்பத்தி நாலரையை முழுசாக்க மாட்டீங்களா? கடையில நான் ஆக்குறேனே."

அதிகாரிக்குச் சிரிப்பு வந்தது. ஆறு முத்திரைகளையும் பார்த்ததும் வந்த சிரிப்பு போய்விட்டது. இந்த ஆள் இதை வெளியே கொண்டுபோனால்?

"நாளைக்கு வாங்க, பார்க்கலாம்" என்று அனுப்பிவிட்டு போனை எடுத்தார்.

"விளக்குப் பிரிவா? என்னய்யா பண்றீங்க அங்க? உங்களால எங்க விடை தப்பாகுதுய்யா."

அன்று சாயங்காலமே தெருவுக்கு ஏணி வந்தது. ஆறு மணிக்கு விளக்கு எரிந்தது. தெருவே கை தட்டியது. பொண்ணு மட்டும் அண்ணாந்து பார்த்துவிட்டு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டாள்.

"போச்சுப்பா. இப்ப நான் எழுதினது நிஜமாவே தப்பாயிடுச்சு."

ஏணிக்காரர் கிளம்புவதற்குள் வியாபாரி ஒரு தாளோடு அவரிடம் ஓடினார்.

மறுநாள் அதிகாரி முகமெல்லாம் சிரிப்பு.

"புகார் கொடுத்தீங்க, விளக்கு எரியுது. எங்க விடை சரிதானே? இனிமே மார்க் கேட்டு வராதீங்க."

வியாபாரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஆறு ரசீதையும் பரப்பி, பக்கத்தில் ஏழாவதாக ஒரு தாளை வைத்தார்.

"ஏணிக்காரர் கையெழுத்து. விளக்கு சரியானது நேத்து. என் பொண்ணு பரீட்சை எழுதினது போன மாசம்."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார்.

"நாங்க கெஞ்சினப்ப எட்டு மாசமா வராத ஏணி, உங்க விடையைக் காப்பாத்த ஒரே நாள்ல வந்துச்சு. விளக்கைச் சரி பண்ணிட்டீங்க, சந்தோஷம். அன்னைக்கு உள்ளதை உள்ளபடி சொன்ன பிள்ளையோட மார்க்கையும் சரி பண்ணுங்க சார். அரை மார்க் பேச்செல்லாம் நேத்தோட முடிஞ்சது. முழுசாப் போடுங்க."