யாரெல்லாம் கீறாங்க?

"அங்க யாரெல்லாம் கீறாங்க மேடம்?"

போனில் வந்த ஆண்குரல் அவ்வளவுதான் கேட்டது. ஜெரினா கையிலிருந்த பேனாவை மெதுவாக மேஜைமேல் வைத்தாள்.

மதியம் மூன்று மணி. ராயபுரத்தில், வண்டி உதிரிபாகக் கடைக்கு மேலே, முதல் மாடியில் இருந்தது அந்த மனநல ஆலோசனை மையம். உள்ளே மூன்று அறைகள். மூன்றின் கதவுகளும் சாத்தியிருந்தன. பேசுவது எதுவும் வார்த்தையாக வெளியே வராது. தண்ணீருக்கு அடியிலிருந்து யாரோ பேசுவது போல ஒரு முணுமுணுப்பு மட்டும் கசியும்.

ஃபேன் அரைத்தூக்கத்தில் சுற்றியது.

போன் செய்கிறவர்களுக்குப் படித்துக்காட்ட ஜெரினாவிடம் ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். ஆலோசகர்களின் பெயர், படிப்பு, அனுபவம். சேர்ந்த புதிதில் அதைத்தான் படித்தாள். இரண்டாவது பட்டத்தைச் சொல்வதற்குள் பாதிப் பேர் லைனைத் துண்டித்துவிடுவார்கள்.

இப்போதெல்லாம் அவள் அந்தத் தாளைத் தொடுவதில்லை.

"மூணு பேர் இருக்காங்க சார்," என்றாள். "ஜானட் மேடம் இருக்காங்க. வந்தவங்க அழுதா, அழாதீங்கன்னு சொல்ல மாட்டாங்க. ஜன்னலைச் சாத்திட்டு வந்து பக்கத்துல உக்காந்துக்குவாங்க. ஸ்கூல் பசங்கன்னா ரூஹி மேடம். தரையில உக்காந்து படம் வரைஞ்சுக்கிட்டே பேசுவாங்க."



அந்த நேரம் துறைமுகத்தில் ஒரு கப்பல் சங்கு ஊதியது. ஜன்னல் வழியாக ஒருமுறை கேட்டது. போனுக்குள் இன்னொரு முறை, கொஞ்சம் தள்ளி, கனவில் கேட்பது போல.

பக்கத்தில்தான் எங்கேயோ நின்றுகொண்டு பேசுகிறார்.

"இன்னொர்த்தர்?"

"திருமலை சார். ரொம்ப வருஷம் ரயில்வேல இருந்துட்டு, அப்புறம் படிச்சு இதுக்கு வந்தவர். நாம பேசலைன்னா அவரும் பேச மாட்டார். ஒரு மணி நேரமும் சும்மாவே உக்காந்திருக்கலாம். ஏன் பேசலைன்னு கேக்கவே மாட்டார்."

கேட்டுக்கொண்டிருந்தவர் பெருமூச்சு விட்டார்.

"எனக்கில்ல மேடம். என் தோஸ்துக்கு. யார்டுல வேலை. கண்ண மூடுனா பெட்டி வுழுவுதாம். கன்டெய்னர் பெட்டி. கீழ ஆள் நிக்கிறானாம். கத்தலாம்னா இவனுக்கு வாய் தொறக்கலயாம்."

ஜெரினா கண்களை மூடிக்கொண்டாள்.

வானத்தில் அந்தப் பெட்டி தொங்கிக்கொண்டிருந்தது. துருப்பிடித்த சிவப்பில், ஒரு வீட்டளவு பெரிதாக, எடையே இல்லாதது போல ஆடிக்கொண்டு. அதன் நிழலில் நின்றிருந்தவன் ஹெல்மெட்டைப் பின்னால் தள்ளிக்கொண்டு அண்ணாந்து பார்த்தான்.

அது விழுவதற்குள் கண்ணைத் திறந்துவிட்டாள்.

"இதெல்லாம் வெளிய போவுமா மேடம்? வூட்ல தெரிஞ்சிடுமா?"

"போகாது சார். உள்ள பேசறது, வெளியில உக்காந்திருக்கற எனக்கே தெரியாது."

"உங்களுக்கும் தெரியாதா?"

"தெரியாது சார்."

சொன்னது நிஜம்தான். ஆனாலும் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் தண்ணீர் குடித்தாள்.

"வியாழக்கிழமை நாலு மணிக்கு திருமலை சாரைப் பார்க்கலாம். பேர் என்ன போட்டுக்கட்டும்?"

கீழே ஏதோ டிரெய்லர் லாரி போனது. கட்டடம் லேசாக அதிர்ந்து அடங்கியது.

"திலீப்."

பேனாவை எடுத்து அந்தப் பெயரை எழுதிக்கொண்டாள்.

திலீப் செத்து நான்கு மாதம் ஆகிறது. கன்டெய்னர் யார்டில், மதிய ஷிஃப்ட் முடிய கால் மணி நேரம் இருந்தபோது. அடக்கத்துக்கு ஜெரினாவும் போயிருந்தாள். அவன் பெண்டாட்டியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு கடைசி வரைக்கும் நின்றாள்.

"சொல்லி அனுப்பறேன் மேடம்," என்றது குரல்.

ஆனால் போனை வைக்கவில்லை.

பிறகு, தூக்கத்தில் பேசுகிறவர் மாதிரி, "நீ சாப்டியா?" என்று கேட்டது.

ஜெரினா எழுதிய பெயரின்மேல் விரலை வைத்துக்கொண்டாள்.

திலீப்போடு அதே ஷிஃப்டில் நின்ற ஜஹாங்கீர், அன்றைக்கு வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவர்தான். அதைப் பற்றி ஒரு வார்த்தை வாயிலிருந்து வரவில்லை. ஜெரினா கேட்டுப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள், இரண்டு நாள் பேசாமலும் இருந்து பார்த்தாள். கல்யாணமாகிப் பதினோரு வருஷம். குரலைக் கட்டையாக்கிக்கொண்டு மேடம் என்று கூப்பிட்டால் கட்டியவளுக்குத் தெரியாமல் போய்விடுமா?

"சாப்ட்டேன் சார்," என்றாள்.

அப்புறம், அவர் பயந்து லைனைத் துண்டிப்பதற்குள் அவசரமாகச் சொன்னாள்.

"வியாழக்கிழமை இங்க முன்னாடி யாரும் இருக்க மாட்டாங்க சார். எனக்கு லீவு. அவரை நேரா உள்ள போயிடச் சொல்லுங்க."

போனை வைத்துவிட்டு, ஒரு வெள்ளைத்தாளை உருவி எடுத்து, வியாழக்கிழமைக்கு லீவு லெட்டர் எழுத ஆரம்பித்தாள்.