கடுக்காய்க் கிடங்கில் பூங்காவனம்

ஜவ்வாது மலையடிவாரக் கடுக்காய்க் கிடங்கில் காலை வெயில் மஞ்சள் தூசியில் மிதக்கிறது. யுத்தத்துக்குப் பூட்ஸ் தைக்கிறார்களாம், தோல் பதனிடக் கடுக்காய் போதவில்லை. பத்துப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, கல்மேல் காயை வைத்துச் சுத்தியலால் தட்டுகிறார்கள். காதைப் பிளக்கும் அந்தச் சத்தம் எட்டாத ஒரே ஆள் கடைசியில் இருக்கும் பூங்காவனம். பிறவியிலேயே காது கேளாதவள். பத்து நாளாகப் பக்கத்திலிருந்து சைகையில் வேலை பழக்கிய மிஷன் பள்ளி மார்த்தாள் டீச்சர் இன்று வாசலோடு நின்றுவிட வேண்டும், பூங்காவனம் தனியாகச் சமாளித்தால்தான் வேலை என்று சொல்லிவிட்டார் மேஸ்திரி எத்திராஜு. சொன்னவரே இப்போது அவள் முதுகுக்குப் பின்னால் நின்று, "ஏ பூங்காவனம், சொத்தைய தனியா போடு!" என்று பழக்கதோஷத்தில் கத்துகிறார். வாசலில் மார்த்தாளின் விரல்கள் சைகை காட்டப் பரபரக்கின்றன, முந்தானைக்குள் சுருட்டிக்கொள்கிறாள். "இன்னா மேஸ்திரி, தொண்ட கிழிய கூவுறீங்க? டீச்சர் சொன்னாப்புல கல்ல தட்டுங்க," என்கிறாள் பக்கத்துப் பச்சையம்மா. மேஸ்திரி அசடு வழியக் குனிந்து பூங்காவனத்தின் கல்லைப் பிரம்பால் தட்டுகிறார். அதிர்வு கையில் ஏறியதும் அவள் நிமிர்கிறாள். அவர் ஒரு சொத்தைக் காயைத் தூக்கிக் காட்டுகிறார். அவள் முறத்தை நகர்த்துகிறாள். அதன் பின்னால் சொத்தைகள் ஏற்கெனவே தனிக் குவியலாகக் கிடக்கின்றன. வரிசை முழுக்கச் சிரிப்பு, மீசைக்கடியில் மேஸ்திரிக்கும். பூங்காவனம் வாசலைப் பார்க்கிறாள். சுத்தியலை மடியில் வைத்துவிட்டு, மஞ்சள் படிந்த இரண்டு கைகளாலும் மார்த்தாளிடம் பேசுகிறாள்: நீங்க வூட்டுக்குப் போங்க டீச்சர், எனக்கு வேல கெடக்குது.