ஒரு ஆளுக்கு ஒரு கோடு

ஒன்பதாவது முறையாக டீக்கடை மயிலாத்தாள் டீ கிளாஸோடு ரோட்டைக் கடந்து வந்தாள். சுந்தரேசன் மடியிலிருந்த தாளில் இன்னொரு கோடு போட்டுவிட்டு, வேண்டா வெறுப்பாகக் கிளாஸை வாங்கிக்கொண்டார்.

வேலந்தாவளம் முக்கில் ஒரு நாளைக்கு எத்தனை பேர் ரோட்டைக் கடக்கிறார்கள் என்று எண்ணுவதுதான் அன்றைக்கு அவருக்கு வேலை. போனால் ஒரு கோடு, திரும்பி வந்தால் இன்னொரு கோடு. கடைவீதி வழியாகப் போகும் நெடுஞ்சாலையைச் சீர்படுத்தும் திட்டத்தில், இந்த முக்குக்குச் சிக்னலும் ஜீப்ரா கோடும் உண்டா இல்லையா என்பதை அந்தத் தாள்தான் தீர்மானிக்கும்.

"போறும்மா, வயிறு பூரா டீயா இருக்கு. எதுக்கு இத்தனை தடவை அலையறேள்?"

"இருக்கட்டுங்க சார். நான் வந்தாலும் ஒரு கோடு, போனாலும் ஒரு கோடுதானுங்களே?"

இதே மாதிரி கையில் டீயோடு அவர் உட்கார்ந்திருக்கும் இந்த பஸ் ஸ்டாப்புக்குக் கடக்கும்போதுதான் இவள் புருஷனை லாரி அடித்துப் போட்டது. அந்த மனுஷன் போய் இரண்டு வருஷம் ஆகிறது.

அதற்கு ஆறு மாதம் முன்னால், இதே பஸ் ஸ்டாப்பில் இதே சுந்தரேசன் உட்கார்ந்து எண்ணியிருந்தார். எண்ணினார் என்று சொன்னால் எண்ணிக்கைக்கே அடுக்காது.

மாட்டுச் சந்தை நாளில் எண்ணினால் கணக்கு ஏறிவிடும் என்பதால், முந்தின நாள் திட்டப் படத்தோடு அளவெடுக்க வந்தபோதே, நாளைக்குச் சந்தை உண்டா என்று டீ குடித்த இடத்தில் விசாரித்துவிட்டுத்தான் போனார். சந்தை இல்லை, தாராளமாக வரலாம் என்று பதில் கிடைத்தது. மறுநாள் காலை ஜீப் அவரை இறக்கிவிட்டுப் போன பிறகு பார்த்தால், ஊரே அடைத்துக் கிடந்தது. அந்தப் பஞ்சாயத்துக்கு மட்டும் ஹர்த்தாலாம். பாலக்காட்டுக் கல்பாத்தியில் இருக்கிறவருக்கு அது எப்படித் தெரியும்?

பஸ் இல்லை, பள்ளிக்கூடம் இல்லை, ரோட்டில் ஈ காக்கை இல்லை. மயிலாத்தாள் மட்டும் பாதி ஷட்டரைத் தூக்கி வைத்து, அவர் வந்து இறங்கியதும் சூடாக ஒரு டீயை நீட்டினாள். நல்ல மனுஷி என்று நினைத்துக்கொண்டார்.

இன்னொரு நாள் வந்திருக்கலாம். திரும்ப ஒரு தடவை இந்த வெயிலில் வந்து காயவேண்டுமே என்று சோம்பல்பட்டு உட்கார்ந்துவிட்டார். சாயங்காலம் வரை முப்பத்தொரு கோடு. தேதியை மட்டும் மறுநாளாகப் போட்டு, 'கடப்போர் மிகக் குறைவு, சிக்னல் தேவையில்லை' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.

இப்போது திட்டம் மறுபடி உயிர் பெற்றதும், இந்த முக்கை அவராகவே கேட்டு வாங்கிக்கொண்டு வந்திருந்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகள், சாக்குமூட்டைக்காரர்கள், கோயமுத்தூர் பஸ்ஸுக்கு ஓடுகிறவர்கள் என்று பத்து மணிக்குள்ளேயே நானூறு தாண்டிவிட்டது. மயிலாத்தாளின் கோடுகள் தேவையே படவில்லை. அன்றைக்கு ஒழுங்காக எண்ணியிருந்தால் அந்த மனுஷன் இருந்திருப்பான் என்ற நினைப்பு அவரை அறுத்தது.

பேச்சை மாற்றுகிற மாதிரி, "சிக்னல் வந்தா உங்க கடை வாசல்ல கம்பி வேலி போட்டுடுவா. பஸ்ஸும் அங்கே தள்ளிப் போய்த்தான் நிக்கும். யாவாரம் படுத்துடும், யோசிச்சேளா?" என்றார்.

"அளவெடுக்க வந்த அன்னைக்கே அந்த வேலியப் படத்துல காட்டுனீங்களேங்க. இப்ப வரட்டுங்க" என்று காலிக் கிளாஸை வாங்கிக்கொண்டு போனாள். அவர் அதற்கும் ஒரு கோடு போட்டார்.

சாயங்காலம் தாளைச் சுருட்டி வைத்துவிட்டு, முதல் தடவையாக அவரே ரோட்டைக் கடந்து அவள் கடைக்குப் போனார்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். முன்னாடி இங்க எண்ணினது நான்தான்."

"தெரியுமுங்களே."

"எண்ணினது ஹர்த்தால் அன்னிக்காக்கும். ஊர்ல ஆளே இல்லாத நாள். தேதியை மாத்தி எழுதிட்டேன். அதனாலதான் அப்பவே சிக்னல் வரலை. உங்க ஆத்துக்காரர் போனதுக்கு நான்தான் காரணம். என்னை என்ன வேணா சொல்லுங்கோ."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அடித்தாலும் வாங்கிக்கொள்ளும் நிலையில்தான் இருந்தார்.

அடி விழவில்லை. நிமிர்ந்து பார்த்தால், மயிலாத்தாள் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு எதிர்ப்பக்க பஸ் ஸ்டாப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்குச் சந்தையான்னு அன்னைக்குக் கேட்டீங்களே சார். யாருகிட்டக் கேட்டீங்கன்னு ஞாபகம் இருக்குதுங்களா?"

சுந்தரேசன் விழித்தார். டீ குடித்த இடம். ஆமாம், இதே கடை.

"ஹர்த்தால்னு தெரிஞ்சேதானுங்க உங்கள வரச்சொன்னேன்."